புள்ளியோடு வட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜி.பி.எஸ். பற்றியும் வானிலைச் செயலிகள் பற்றியும் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விண்வெளியில் சுற்றும் கருவிகள் சாதாரண மனிதர்களின் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்த கதையை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஒரே ஒரு சொல்தான் என்னை உறுத்தியது. 'நீங்கள் நிற்கும் இடத்தையும் மழை வரும் நேரத்தையும் கைப்பேசி துல்லியமாகக் காட்டிவிடும்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் 'துல்லியமாக' பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். முதல் பதினான்கு ஆண்டுகள் அழைப்புகளை எடுத்தேன். இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பயிற்சியின் முதல் நாள் நான் சொல்வது எப்போதும் ஒரே நிகழ்ச்சியைத்தான்.

இரவு பதினொன்றரை இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அழைத்தான். தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்துவிட்டார், வீட்டில் வேறு யாரும் இல்லை. தெருப் பெயரைக் கேட்டால் பதற்றத்தில் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அவன் கைப்பேசி அனுப்பிய இடம் என் திரையில் வந்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டி, கிழக்குப் பக்கத்துச் சாலையில் ஒரு புள்ளி. 'சரி, இடம் கிடைத்துவிட்டது' என்று ஆம்புலன்ஸை அந்தச் சாலைக்கு அனுப்பினேன். ஆறு நிமிடத்தில் வண்டி போய்விட்டது. ஆனால் அங்கே அப்படி ஒரு வீடு இல்லை.

பையன் லைனிலேயே இருந்தான். "அக்கா, சைரன் சத்தம் கேக்குது, ஆனா வண்டி வரலையே" என்றான். வீடு ரயில் பாதைக்கு மேற்கே இருந்தது. குறுக்கே கடக்க வழி கிடையாது. மேம்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று நான் எண்ணிக்கை சொல்லச் சொல்ல அவன் அழுதுகொண்டே அழுத்தினான். தாத்தா பிழைத்துவிட்டார். அந்தப் பையனின் கைகள்தான் அவரைக் காப்பாற்றின.

மறுநாள் பதிவை எடுத்துப் பார்த்தேன். புள்ளியைச் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அதன் ஆரம் அறுபது மீட்டருக்கும் மேல். கிழக்குச் சாலை, ரயில் பாதை, மேற்குத் தெரு மூன்றும் அந்த வட்டத்துக்குள் அடங்கியிருந்தன. கருவி பொய் சொல்லவில்லை. 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறார்' என்றுதான் அது சொன்னது. நான் அதன் நடுப்புள்ளியை மட்டும் படித்தேன். "தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்ப்பா உங்க வீடு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அவனுக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்கும்.

அந்த வாரத்திலிருந்துதான் இந்தப் புள்ளி எப்படி உருவாகிறது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைப் பார்ப்பதில்லை, நாம் எங்கே இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. 'நான் இன்ன செயற்கைக்கோள், என் கடிகாரத்தில் இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான். கைப்பேசி அதைக் கேட்கிறது. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. சிக்னல் ஒளியின் வேகத்தில், நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வருகிறது. அதனால் நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். மேலே இருப்பவை அணுக் கடிகாரங்கள். நம் கையில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்கத்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி, அங்கே மேலே இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று வெகு நேரம் தூக்கம் வரவில்லை எனக்கு. இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருளை எவ்வளவு அலட்சியமாகப் பார்த்திருக்கிறேன் என்று மனது குத்தியது.

திறந்த வெளியில் நின்றால் இன்றைய கைப்பேசி பெரும்பாலும் ஐந்து மீட்டர் சுற்றுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். இது பெரிய விஷயம். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பிழை நூறு மீட்டர் வரை போகும். அப்படிக் கலைப்பதை நிறுத்திய பிறகுதான் சாதாரண ஆள் சாலையில் வழி தேட இது உதவத் தொடங்கியது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று பல அமைப்புகளின் சிக்னலை ஒரே கைப்பேசி ஒரே நேரத்தில் கேட்கிறது.

வீட்டுக்குள், அதுவும் கான்கிரீட் கூரைக்குக் கீழே, கதை வேறு. செயற்கைக்கோளின் சிக்னல் தரைக்கு வரும்போதே மிக மிக மெலிந்துதான் வருகிறது. சுவர் அதைத் தடுத்துவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே நின்றால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலைக் கைப்பேசி நேராக வந்ததாக நினைத்துக்கொள்ளும். சுற்றி வந்ததால் அதற்கு நேரம் கூடுதலாகும், அந்தக் கூடுதல் நேரம் கணக்கில் கூடுதல் தூரமாகிவிடும். எதுவுமே கிடைக்காதபோது அருகிலுள்ள வைஃபை, செல்போன் கோபுரம் இவற்றை வைத்துக் கைப்பேசி தோராயமாக ஒரு இடத்தைச் சொல்லும். அந்தத் தோராயம் எவ்வளவு பெரியது என்பதைத்தான் வட்டம் சொல்கிறது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்த வட்டத்தின் பொருள் 68 சதவீதம். மென்பொருள் எழுதுபவர்களுக்கான விளக்கத்திலேயே இது இருக்கிறது. மூன்று முறை பார்த்தால் சுமார் இரண்டு முறை நீங்கள் வட்டத்துக்குள் இருப்பீர்கள். மூன்றாவது முறை வட்டத்துக்கே வெளியே. அவசர எண்ணை அழுத்தியதுமே கைப்பேசி தானாக இடத்தை அனுப்பும் ஏற்பாடு இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அந்தச் செய்தியில் வட்டத்தின் ஆரமும், அதற்குள் ஆள் இருப்பதற்கான சதவீதமும் இடத்தோடு சேர்ந்தே வருகின்றன. அதை வடிவமைத்தவர்கள் புள்ளியை மட்டும் அனுப்பத் துணியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கட்டுரையில் வாசகர்களுக்கு இதையும் சொல்லியிருக்கலாம். யாருக்காவது இடத்தைப் பகிர வேண்டுமானால் ஜன்னல் ஓரமோ வாசலோ போய் அரை நிமிடம் நில்லுங்கள். வட்டம் கண் முன்னே சுருங்குவதைப் பார்க்கலாம். சுருங்கிய பிறகு அனுப்புங்கள். வெளியே போக முடியாத நிலை என்றால் வாயால் ஒரு அடையாளம் சொல்லுங்கள்: பாலத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எத்தனையாவது மாடி. புள்ளி எப்போது எடுக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பு இருந்த இடத்தையே கைப்பேசி பிடித்து வைத்துக்கொண்டு காட்டுவதுண்டு. ஓடும் பேருந்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய இடத்தைத் தேடி எங்கள் வண்டி ஒன்று எட்டு கிலோமீட்டர் பின்னால் போன நாளும் உண்டு. இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை, வரைபடத்தை வரவழைக்கத்தான் தேவை. முன்பே பதிவிறக்கி வைத்திருந்தால் கோபுரமே இல்லாத காட்டிலும் புள்ளி தெரியும்.

இனி மழைக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் சொல்ல நினைத்தேன்.

ஒரு மாலையில் மூன்று இளைஞர்கள் ஆற்றின் நடுவே ஒரு பாறையில் மாட்டிக்கொண்டு அழைத்தார்கள். திறந்த வானம் என்பதால் அவர்கள் இருந்த இடம் நான்கு மீட்டருக்குள் கிடைத்துவிட்டது. பாறையின் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அருமையான புள்ளி. "ஆப்ல மழையே இல்லைன்னுதான் போட்டிருந்துச்சு, பார்த்துட்டுத்தான் இறங்கினோம்" என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னான். செயலி சொன்னது சரிதான். அவர்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை. மழை பெய்தது மேலே, மலையில். தண்ணீர் அங்கிருந்து இறங்கி வந்தது. புள்ளியும் சரி, வானிலையும் சரி, ஆனாலும் மூன்று உயிர்கள் ஆபத்தில். மீட்புக் குழு கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

வானிலைச் செயலியைத் திறந்தால் நாம் நிற்கும் புள்ளிக்கு ஒரு படம், ஒரு சதவீதம். ஆற்றுக்கு அந்தப் புள்ளி போதாது. ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் மேட்டுப் பகுதி முழுவதையும் பார்க்க வேண்டும். எந்தச் செயலியும் தானாக இதைச் சொல்வதை நான் பார்த்ததில்லை. பத்திரிகையாவது சொல்லலாமே.

அந்தச் சதவீதத்தின் பொருளும் நம்மில் பலருக்குத் தெளிவாக இல்லை. 'மழைக்கு 30 சதவீதம் வாய்ப்பு' என்றால் ஊரில் 30 சதவீதப் பகுதியில் பெய்யும் என்று ஒருவர் நினைக்கிறார். நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்று இன்னொருவர் நினைக்கிறார். இரண்டுமே தவறு. இதே போன்ற நிலைமை இருக்கும் பத்து நாட்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் சுமார் மூன்று நாள் அந்த இடத்தில் மழை பெய்யும். அவ்வளவுதான் அதன் பொருள். நமக்கு மட்டும் வரும் குழப்பம் இல்லை இது. ஏதென்ஸ், பெர்லின், ஆம்ஸ்டர்டாம், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் வழிப்போக்கர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பாலானவர்கள் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 1960-களிலிருந்தே மழையைச் சதவீதத்தில் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். ஆக, மக்களுக்குப் புரியாது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதும் அழகான கதை. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் தன் கணினியில் ஒரு கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. அப்புறம் வந்த வானிலைக்கும் முந்தையதற்கும் சம்பந்தமே இல்லை. இன்றைய நிலையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் துளிப் பிழை இருக்கும், நாள் போகப் போக அது பெருகும் என்று அன்று புரிந்தது. அதனால்தான் ஐரோப்பிய முன்கணிப்பு மையம் 1992 முதல் ஒரே கணக்கை, தொடக்க நிலையைத் துளித்துளி மாற்றி, பல முறை ஓட்டுகிறது. இப்போது 51 முறை. ஏறத்தாழ எல்லாம் மழை என்றால் நம்பிக்கை கூடுகிறது, பாதி மட்டும் மழை என்றால் குறைகிறது. செயலியில் நாம் பார்க்கும் ஒற்றைக் குடைப் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கூட்டமே நின்று வாதாடிக்கொண்டிருக்கலாம்.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஏவிய டைரோஸ்-1 என்ற தொடக்ககால வானிலைச் செயற்கைக்கோள் வெறும் 78 நாள்தான் படம் அனுப்பியது. இன்று 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புதிய வகை வானிலைச் செயற்கைக்கோள்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் தங்கள் பக்கத்தை முழுமையாகப் படம் பிடிக்கின்றன. ஆனால் இரவில் நாம் பார்க்கும் வெள்ளை மேகம் அகச்சிவப்புக் கதிர்களில் எடுத்தது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதைத்தான் அந்த வெள்ளை காட்டுகிறது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழையில்லை. உயரத்தில் படர்ந்த மெல்லிய மேகமும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மழையை நேரடியாகப் பார்ப்பது தரையிலுள்ள ரேடார். எனவே ஒரு படத்தைப் போட்டால் அது செயற்கைக்கோள் படமா, ரேடாரா, கணினி முன்கணிப்பா, எத்தனை மணிக்கு எடுத்தது என்று கீழே ஒரு வரி வேண்டும். மூன்று மணி நேரம் பழைய படத்தைப் பார்த்துவிட்டு 'மழை விலகிவிட்டது' என்று கிளம்பியவர்களின் அழைப்புகளை நான் எடுத்திருக்கிறேன்.

புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்று காட்ட, புயல் நேரத்தில் நீங்கள் அச்சிடும் அந்தக் கூம்பு வடிவப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அதைப் புயலின் அளவு என்று நினைக்கிறார்கள். கூம்புக்கு வெளியே இருந்தால் பத்திரம் என்றும் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சூறாவளி மையம் வெளியிடும் கூம்பு எப்படி வரையப்படுகிறது என்று படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தைய ஐந்து ஆண்டுகளில் தங்கள் கணிப்பு எவ்வளவு தவறியது என்று பார்க்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தவறுகள் அடங்கும்படி 12 மணி நேரம் கழித்துப் புயல் இருக்கும் இடத்துக்கு ஒரு வட்டம், 24 மணி நேரம் கழித்து இருக்கும் இடத்துக்கு அதைவிடப் பெரிய வட்டம் என்று அடுக்கிக்கொண்டே போய், ஓரங்களை இணைத்துவிடுகிறார்கள். கூம்பு என்பது வரிசையாக அடுக்கிய வட்டங்கள்தான்! என் திரையில் அந்த இரவு வெளிறித் தெரிந்த அதே வட்டம். அதே மூன்றில் இரண்டு. அதுவும் புயலின் மையத்துக்கு மட்டும். காற்றும் மழையும் வெள்ளமும் கூம்புக்கு வெளியே வெகுதூரம் பரவும்.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜி.பி.எஸ். சிக்னல் காற்று மண்டலத்தைக் கடக்கும்போது அதிலுள்ள ஈரம் சிக்னலைத் துளியளவு தாமதப்படுத்துகிறது. இடம் காண்பவர்களுக்கு அது கழிக்க வேண்டிய பிழை. வானிலைக்காரர்கள் அந்தத் தாமதத்தையே அளந்து காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் சிக்னல் எவ்வளவு வளைகிறது என்பதை 2006-இல் ஏவிய காஸ்மிக் செயற்கைக்கோள்கள் அளந்தன. 2019-இல் அதன் இரண்டாம் தொகுதி போனது. பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் ஒரே சிக்னல், ஆம்புலன்ஸுக்கு வழியும் காட்டுகிறது, நாளைய மழைக் கணக்கிலும் சேர்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும், பிள்ளைகள் அதைக் கவனித்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வானிலைப் பெட்டியில் 'மழைக்கு வாய்ப்பு' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக சதவீதத்தையும், அந்த முன்கணிப்பு எத்தனை மணிக்கு வெளியானது என்பதையும் போடுங்கள். சதவீதத்தின் பொருளைப் 'பத்து நாளில் மூன்று நாள்' என்ற மாதிரி எளிய சொல்லில், தினமும், அதே இடத்தில் போடுங்கள். ஆறு மாதத்தில் வாசகர்கள் பழகிவிடுவார்கள். புயல் படத்தில் நடுக்கோட்டை மட்டும் தடித்த சிவப்பில் வரைய வேண்டாம். கோடு எந்த இடத்தில் கரையைத் தொடுகிறதோ அந்த இடத்துக்காரர்கள் மட்டும் பயப்படுகிறார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். கூம்பை முழுதாக வண்ணமிட்டு, 'இது புயலின் அளவு அல்ல' என்று அதன் மேலேயே எழுதுங்கள்.

பயிற்சி வகுப்புக்காக நான் கையால் வரைந்த படங்கள் நான்கைந்து இருக்கின்றன. வட்டம் சுருங்குவது, சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல், அடுக்கிய வட்டங்கள் கூம்பாவது, மேலே மழையும் கீழே வெயிலுமாக ஓர் ஆறு. அந்த ரயில் பாதையின் படமும் உண்டு, வீடு இருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நிற்பான். வேண்டுமானால் அனுப்பித் தருகிறேன். உங்கள் ஓவியர் இன்னும் நன்றாக வரைவார்.

தங்கள் நெடுநாள் வாசகி,
அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறைப் பயிற்சியாளர்